பச்சையில் கை, நீலத்தில் வாய்

மார்ச் 4, செவ்வாய்

கரண்ட் போனால் ஊருக்கே என் ஞாபகம் வந்துவிடும். இன்று மதியத்திலிருந்து நாலைந்து தெருக்களுக்கு மின்சாரம் இல்லை. மின்வாரியப் புகார் மையத்தில் போனை எடுப்பவள் நான், அத்தனை பேரும் என்னிடம்தான் கத்தினார்கள். "வணக்கம், உங்கள் புகாரைப் பதிவு செய்கிறேன்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவர் எனக்காகக் காத்திருக்கிறார். பகல் முழுக்கச் சலூனில் வாயைத் திறக்க முடியாது. அதற்கும் சேர்த்து மாலையில் என்னிடம் பேசியாக வேண்டும்.

நடுக்குவாதத்துக்காகப் போன வருஷம் இவர் மூளைக்குள் இரண்டு மெல்லிய ஒயர் வைத்தார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. என் கையில் ரிமோட். அதன் திரையில் இரண்டு கட்டங்கள். பச்சையை அழுத்தினால் கை கல்லு மாதிரி நிற்கும், ஆனால் நாக்கு குழறும், யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. நீலத்தை அழுத்தினால் பேச்சு கணீரென்று வரும், ஆனால் விரல்கள் ஆடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் காலையில் கத்தரி பிடிக்கப் பச்சை, மாலையில் வீட்டுக்கு வந்ததும் நீலம். ரிமோட்டை இவர் தொடமாட்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து என் தலை உன் கையிலதான் இருக்கு. இப்பத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க அதுக்கு ஒரு பெட்டி குடுத்திருக்காங்க" என்பார்.

இன்று நான் நீலத்தை அழுத்தவில்லை.

"மாத்திட்டியா?" என்று குழறலாகக் கேட்டார். "அப்பவே மாத்திட்டேனே" என்றேன். சாப்பிட்டோம். வீடு அமைதியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே இன்றுதான் தெரிந்தது.

நாளைக்கு ஒழுங்காக மாற்றிவிட வேண்டும்.

மார்ச் 5

இன்றும் மாற்றவில்லை. தலைவலி என்று காரணம் சொல்லிக்கொண்டேன். யாரிடம்? என்னிடமேதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் இவருடைய சபை கூடும். கடையின் பார்ட்னர் வருவார், ஓய்வு பெற்ற தபால்காரர் வருவார். இவர் பேசுவார், அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். விஷயம் பெரும்பாலும் நான்தான். நான் தூக்கத்தில்கூடப் புகார் எண் கொடுப்பேனாம். எங்கள் வீட்டில் ஃபேன் போட வேண்டுமானால் முதலில் என்னிடம் பதிவு செய்ய வேண்டுமாம். என் குரலை அப்படியே பேசிக் காட்டுவார். நானும் டீ கொடுத்துக்கொண்டே சிரிப்பேன். சிரிக்காவிட்டால் 'மேடத்துக்குக் கோபம்' என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ஒரு முறை சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். பதில் வராமல் அங்கேயே அழுதுவிட்டேன். இவரிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் கடையில் அதை நடித்துக் காட்டியிருக்கிறார், அழுகை உட்பட. பார்ட்னர் என்னிடமே வந்து, "அண்ணி, அண்ணன் பண்ணினதப் பாத்திருக்கணும் நீங்க!" என்றார்.

இன்று சபையில் இவர் ஏதோ முணுமுணுத்தார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "என்னம்மா சொல்றார்?" என்றார் தபால்காரர்.

எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் கேட்ட காது. என் டீயைப் பற்றித்தான். கிண்டல்தான்.

"டீ நல்லா இருக்காம். இன்னொரு கப் கேக்கறார்" என்றேன்.

இவர் கண் பெரிதாக விரிந்தது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். நல்ல ஜோக் என்றே எடுத்துக்கொண்டார். நான் இன்னொரு கப் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

மாலையில் இவர் கையை நீட்டிக் காட்டினார். "நீலத்துலகூட நிக்குது பாரு" என்று சொன்னார், சொல்ல முயன்றார். நீலத்தில் இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறார்! "கை தேறுது. வாய்தான்..." என்று நாக்கைத் தொட்டுக் காட்டினார். வியாதி நாக்குக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஆமாங்க, உடம்பு பழகுது போல" என்றேன். பாவி, எவ்வளவு சரளமாக வருகிறது.

பச்சையில் இருக்கிற இவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கித் தருகிறார். நான் சொல்வதைக் கேட்கிறார். நேற்று என் ஆபீஸ் சண்டை ஒன்றை முழுதாகச் சொல்லி முடித்தேன், குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் நான் கட்டிக்கொண்ட ஆளை எனக்குப் பிடிக்கவில்லையா? துளி மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் வேறு ஒருவர் கிடைக்கிறார் என்றால், இதில் எவர் என் வீட்டுக்காரர்? எனக்கும் இப்படி இரண்டு கட்டம் வைத்தால் இவர் எதை அழுத்துவார்?

வாசலில் தபால்காரர் நிறுத்திச் சொன்னார்: "உங்கள மாதிரி மனைவி கெடைக்க அவர் குடுத்து வெச்சிருக்கணும்மா." கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 2, புதன்

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி போன் செய்தாள். மூளைக்குள் கருவி வைத்தவர்களின் குடும்பத்தாரிடம் கேள்வி கேட்கிறாளாம். நல்ல மரியாதையான பெண். இப்போது வருகிற புதுக் கருவிகள் மூளையின் துடிப்பைத் தானே கவனித்து, வேண்டிய அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுமாம். தீராத மனச்சோர்வுக்கும் இப்படி ஒயர் வைத்துப் பார்க்கிறார்களாம். வாய் பேச முடியாதவர் பேச நினைப்பதைக் கருவி படித்துத் திரையில் எழுதிக் காட்டுகிறதாம். எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினேன். நினைப்பதைப் படிக்கிற கருவி எங்கள் வீட்டுக்கு வந்தால் என் கதி என்ன?

"ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் அவராவே இருக்காரா? இல்ல, வேற ஆள் மாதிரி தோணுதா?"

"அவர் அவர்தான்" என்றேன்.

"ரிமோட் உங்க கையில இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "பழகிடுச்சும்மா."

"இந்த மாதிரி கருவியெல்லாம் போகப் போக நிறைய வீட்டுக்குள்ள வரும். பொத்தான் யார் கையில இருக்கணும்ங்கறதுதான் இப்ப பெரிய கேள்வியே" என்றாள்.

நல்லவங்க கையில என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் தெருவில் நல்லவங்க யார் என்று கேட்டுப் பார்த்தால் முதலில் என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சத்தம். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அந்த மறைவில் இவர் பேசிப் பழகுகிறார். கதவில் காதை வைத்தேன். பழைய ஜோக் ஒன்று, வழுக்கைத் தலைக்காரர் முடிவெட்ட வந்த கதை. பாதியில் நாக்கு மாட்டிக்கொள்கிறது. விட்ட இடத்திலிருந்து மறுபடி. மறுபடி.

ரிமோட்டைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். கடைக்குப் போக நேரமாகிவிட்டது, பச்சையில்தானே இருக்க வேண்டும் என்று ஒரு சாக்கு கிடைத்தது. சாக்குக்கு எனக்கு என்றைக்குப் பஞ்சம்!

மே 6, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

இன்று மகளுக்குப் பிறந்தநாள். வெளியூரில் வேலை, வர முடியவில்லை. அவளாவது அப்பா குரலைக் கேட்கட்டும் என்று மாலையில் நீலத்தை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இவர் "தண்ணி" என்றார். சுத்தமாக வந்தது. திகைத்துப் போனார். "தண்ணி! தண்ணி! ஏய், இங்க வா, தண்ணி!" என்று கத்தினார். மகளுக்குப் போன் போட்டார். அவள் அழுதாள், இவரும் அழுதார், சமையலறையில் நின்றுகொண்டு நானும் அழுதேன். போதும், இனி ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தார். "உங்கம்மாவா? அவளுக்கென்ன, என் வாய் போனதுல ஏகக் குஷி. இப்ப இந்த வீட்டுல புகார் குடுக்கவும் அவதான், பதியவும் அவதான்." உடனே என் குரலில், "வணக்கம், உங்கள் கணவர் தற்போது பழுது பார்க்கப்பட்டு வருகிறார்." மகள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்டது.

ரிமோட் அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தினேன்.

"இன்னொண்ணு கேளு, அன்னிக்கு அவ..." என்று போனவருக்கு நாக்கு மடங்கியது. விட்ட வார்த்தையை இரண்டு மூன்று தடவை பிடிக்கப் பார்த்தார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கோளாறு போனில் இருக்குமோ என்று நினைத்த மாதிரி. "அப்பா? அப்பா?" என்று அது கத்திக்கொண்டிருந்தது.

உண்மையைத்தானே சொன்னார்? எனக்குக் குஷிதானே? அதுக்கா அழுத்தினேன்? ச்சீ. என்ன பொம்பள நான்.

மே 8, வியாழன்

மகள் பயந்துபோய் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டாள். இன்று வீடியோவில் பேசினார்.

"பேச்சு திடீர்னு வந்து திடீர்னு போச்சுன்னா, ஒயர் எங்கயாவது விட்டுப் போயிருக்கலாம். காதுக்குப் பின்னாடி ஒரு இணைப்பு இருக்கு. வந்து அட்மிட் ஆகட்டும். படம் எடுத்துப் பாத்துட்டு, தேவைன்னா அந்த இடத்தைத் திறந்து மாத்திடலாம்."

ஒயர் விட்டுப் போச்சு. தினமும் எத்தனை பேரிடம் நான் சொல்கிற வார்த்தை.

"ரிமோட்ல நீங்க எதுவும் மாத்தலையே?"

"இல்ல டாக்டர். காலையில பச்சை, சாயந்தரம் நீலம். நீங்க சொன்ன மாதிரியேதான்."

பக்கத்தில் இவர் ஏதோ சொன்னார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டார். நான்தானே மொழிபெயர்ப்பாளர்.

"நான்... நான் அவரை ரொம்ப கவனமா பாத்துக்கறேன்னு சொல்றார்."

அதைத்தான் சொன்னார். இந்த ஒரு தடவை நான் எதையும் மாற்றவில்லை.

மே 19, திங்கள்

இவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முன்பும் கடையில் பேச்சு கிடையாதுதான். ஆனால் கண்ணாடியில் முகத்தைக் கோணிக் காட்டியே ஆட்களைச் சிரிக்க வைப்பார். மாலையானால் பேசிக்கொள்ளலாம் என்ற தெம்பு இருந்தது. இப்போது அது இல்லை. "அண்ணன் சேர்ல உக்காந்தா ஆஸ்பத்திரியில உக்காந்த மாதிரி இருக்குன்னு சொல்றாங்க அண்ணி" என்றார் பார்ட்னர். இந்த முறை சிரிக்கவில்லை.

ஆபரேஷனை நினைத்து நடுங்குகிறார். முதல் தடவை இவரை விழித்திருக்க வைத்தேதான் செய்தார்கள். பேசச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, ஒயர் சரியான இடத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்த்தார்களாம். அப்போதும் இவர், "டாக்டர், சைடுல கொஞ்சம் ஷார்ட்டா" என்று சொல்லி அறையையே சிரிக்க வைத்தாராம். துளை போட்ட சத்தம் மண்டைக்குள் எப்படிக் கேட்டது என்பதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார். அதை நான் யாரிடமும் நடித்துக் காட்டவில்லை. ஆனால் மறுபடி அதே மேஜைக்கு அனுப்புகிறேன்.

இன்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "வேணாம்" என்றார்.

சொல்லிவிடு. இப்பவே சொல்லிவிடு. சொன்னா என்ன ஆகும்? அடிக்கிறவர் இல்லை. பின்ன என்ன பயம்? தெரிஞ்சுபோயிடுமேன்னு. நான் யாருன்னு இவருக்குத் தெரிஞ்சுபோயிடுமே.

மே 27

சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வரும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. போன தடவை அங்கே வார்டுபாய் இவர் தலையைச் சிரைத்த லட்சணத்தை இவர் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் இம்முறை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகலாம் என்று சவரக்கத்தியை என்னிடம் நீட்டினார். தானே செய்துகொள்ள மனசில்லை போலிருக்கிறது. கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று என் மணிக்கட்டைத் திருப்பி வைத்தார். நுரை போட்டேன். முன்பக்கம் சுமாராகவே வந்தது.

காதுக்குப் பின்னால் வந்தபோது விரலுக்குத் தட்டுப்பட்டது. தோலுக்கடியில் ஒயர், கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்குகிறது. எங்கேயும் அறுபடவில்லை. இந்த இடத்தைத்தான் திறப்பார்கள். கத்தி என் கையில் இருக்கிறது, இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொடுத்திருக்கிறார்.

"ஒயர் விடலைங்க."

"ம்?"

"எதுவும் விட்டுப் போகலை. நான்தான். மார்ச்லேர்ந்து சாயந்தரம் மாத்தறதே இல்ல. பச்சையிலேயேதான் இருக்கீங்க. அன்னிக்குப் போன்ல பேசிக்கிட்டு இருந்தப்பவும் நான்தான் அழுத்தினேன்."

முதலில் கத்தியை என்னிடமிருந்து வாங்கி மடக்கி வைத்தார். பிறகு கையை நீட்டினார். ரிமோட்டைக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தொடுகிறார். தேடிப் பிடித்து நீலத்தை அழுத்தினார். காத்திருந்தோம். நுரை கழுத்தில் வழிந்து பனியனை நனைத்தது. துடைக்கப் போனேன், தலையை நகர்த்திக்கொண்டார்.

"ஏன்?" தெளிவாக வந்தது.

எவ்வளவோ சொல்ல இருந்தது. "சத்தம் தாங்கலை" என்றுதான் வந்தது.

தலையாட்டினார். மறுபடி பச்சையை அழுத்தினார். கை நின்றதும் கண்ணாடி முன் போய், மீதித் தலையைத் தானே சிரைத்துக்கொண்டார். ஒரு கீறல் விழவில்லை.

ஜூன் 5, வியாழன்

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "படத்துல ஒண்ணும் தெரியலைன்னாலும் சந்தேகத்துக்குத் திறந்து பாத்திருப்போம். அது தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன். இனிமேல் ரிமோட் இவரிடம்தான் இருக்க வேண்டும் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பிறகு இவரிடம், தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் புது முறையைப் பற்றிச் சொன்னார். கையும் வாயும் ஓரளவு சேர்ந்து கிடைக்கலாமாம், உறுதியில்லையாம். இந்த வருஷக் கடைசியில் சிலருக்குச் செய்து பார்க்கப் போகிறார்களாம்.

"அது யார் பேச்சைக் கேக்கும்?" என்றார் இவர். நீலத்தில் இருந்தார், கணீரென்ற குரல்.

"உங்க மூளையோட பேச்சைத்தான்."

"அப்பப் பரவாயில்ல" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

இவர் இப்போது பகலிலும் நீலம்தான். அவரே எடுத்த முடிவு. கத்தரியைப் பார்ட்னரிடம் விட்டுவிட்டு, கடையில் உட்கார்ந்து பேசுகிறார். கை போனாலும் போகட்டும், வாய் வேண்டும். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

வேலை முடிந்து கடை வழியாக வந்தேன். தெருமுனை வரை சிரிப்புச் சத்தம். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் தலையாட்டல். சாப்பாடு போதுமா என்றால் கையை அசைக்கிறார். ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

மகளிடம் இவர் எதையும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "அன்னிக்கு நான் அப்பாவுக்கு ஸ்ட்ரோக்னு நெனச்சேன்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுக்கிட்டே ஓடினேன்" என்றாள். "மன்னிச்சுக்கடி" என்றேன். "என்கிட்ட ஏன் கேக்கறே?" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கப் போனேன். "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"நான் அவ்வளவு மோசமாவா பேசினேன்?"

அதெல்லாம் இல்லைங்க என்று சொல்லித்தான் என் வாய் பழகியிருக்கிறது.

"ஆமா" என்றேன்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். இப்படிப் பேசாதீங்க, வலிக்குதுன்னு சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமையே எல்லார் முன்னாடியும் என் குரல்ல அதைச் சொல்லிக் காட்டுனீங்க."

இவர் வாயைத் திறந்தார், மூடினார். மேஜைமேல் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. நீலத்தில்தான் இருக்கிறார், நாக்குக்கு ஒரு தடையும் இல்லை.

நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகவில்லை. அவர் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.